அவர் முதுகில் இருந்தது

கல்முனையில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஒரு கணினி, ஒரு பிரின்டர், அடிக்கடி கோபித்துக்கொள்ளும் ஒரு போட்டோகொப்பி மெசின், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். சத்தியக் கடதாசி, பொலிஸ் முறைப்பாடு, இடமாற்றம் கேட்டு ஆசிரியர்கள் எழுதும் கடிதம், காணிப் பிணக்கு என்று எதைக் கொண்டுவந்தாலும் தட்டச்சுச் செய்து கொடுப்பேன். என்னைவிட வேகமாகத் தட்டச்சுச் செய்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனாலும் சனம் என்னிடம்தான் வரும். காரணம், நான் கண்ணீர் சேர்ப்பேன்.

பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டி வந்து நாலு மிளகாய்க் கன்றைத் தின்றுவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னால், கடதாசியில் "எனது குடும்பத்தின் ஏக வாழ்வாதாரம் என் கண்முன்னே நிர்மூலமாக்கப்பட்டது" என்று வரும். அவர் அதை வாசிப்பார். தான் இவ்வளவு துன்பப்பட்டது தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று மூக்கை உறிஞ்சுவார். பிறகு, ஆட்டுக்காரரும் என்னிடமே வந்து பதில் எழுதிக்கொண்டு போவார். அதில் ஆடு ஒரு வாயில்லாப் பிராணியாக, அநாதையாக, பசியோடு நிற்கும். இரண்டு பேருக்கும் நான் குறை வைத்ததில்லை.

இப்படிப்பட்ட என்னைத்தான், சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தின்படி சுயாதீனமாக உண்மை கண்டறிவது எப்படி என்ற மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். யுத்த காலத்துச் சம்பவங்களைத் தேடி எழுதிவைக்கும் ஒரு சின்னக் குழு அது. தமிழில் விரைவாகத் தட்டச்சுச் செய்யக்கூடிய, ஊரின் சந்து ஒழுங்கைகள் எல்லாம் தெரிந்த ஒரு பெண் வேண்டுமாம். எனக்கு ஒழுங்கைகள் தெரியும். உண்மைக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை என்பதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பயிற்சி தந்தவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணி அம்மா. யுத்தத்துக்கும் சட்டம் உண்டு என்று தொடங்கினார். ஆயுதம் தூக்கியவர் வேறு, தூக்காதவர் வேறு, தூக்காதவர்மேல் கை வைக்கக்கூடாது, சட்டத்தின் முதுகெலும்பே அதுதான் என்றார். ஆனால் ஒருவர் செத்த பிறகு அவர் எந்த வகை என்று சுட்டவர்களே விசாரித்து எழுதினால், அவர்களுக்கு வசதியானதைத்தான் எழுதுவார்கள். அதனால் எந்தப் பக்கமும் இல்லாத ஒருவர் போய்க் கேட்டு எழுத வேண்டும். ஒரு தாளை மூன்றாகப் பிரித்து, கண்டது, கேட்டது, நினைத்தது என்று தலைப்புப் போடச் சொன்னார். நான் வருஷக்கணக்காக இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து உருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். தாளைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "நேற்று மத்தியானம் இந்த மண்டபத்தில் என்ன சாப்பாடு கொடுத்தார்கள்? எழுதுங்கள்." இது ஒரு கேள்வியா என்று நான் எழுதினேன்: எல்லோருக்கும் கோழிப் புரியாணி, அவித்த முட்டையுடன். எனக்கு முன்வரிசையில் காரைதீவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் எழுதியது: எல்லோருக்கும் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. இரண்டையும் சத்தமாக வாசித்தார்கள்.

"சேர், முட்டையைக் கண்ணால கண்டநான், கையால உரிச்சநான்" என்றேன் நான்.

"தங்கச்சி, முட்டை எண்ட சாமானே அந்தப் பக்கம் வரயில்ல" என்றார் அவர்.

மண்டபம் இரண்டாகப் பிளந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. சைவ சமயத்து ஆட்கள் வெள்ளிக்கிழமையில் மரக்கறிதான் சாப்பிடுவார்கள் என்று அவர்களுக்கு வேறு பார்சல் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் முஸ்லிம் ஆண்கள் வெள்ளி மத்தியான ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்து பிந்திச் சாப்பிட்டதால் யாரும் அடுத்தவரின் பார்சலைப் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் கண்டது உண்மை. 'எல்லோருக்கும்' என்று எழுதினோமே, அது மட்டும்தான் பொய். சட்டத்தரணி அம்மா சிரித்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே குழுவாகப் போட்டார். முட்டையை வைத்துச் சண்டை பிடித்த ஆளோடு நான் எப்படி உண்மை கண்டுபிடிப்பது என்று வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் கோப்பு கணவரை இழந்த ஒரு பெண்ணுடையது. காரைதீவு அக்கா. யுத்தம் நடந்த காலத்தில் மேற்கே வயல்வட்டையில் அவருடைய கணவரைத் தூரத்து வீதியிலிருந்து சுட்டுவிட்டார்கள். சுட்டது யார் என்பது எங்கள் தாளில் 'கேட்டது' என்ற பக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே அதை இங்கே எழுத மாட்டேன். அதன் பிறகு வந்த அறிக்கை ஒன்றில், "முதுகில் ஆயுதப் பொதியுடனும் கையில் நீளமான கருவியுடனும் சென்ற நபர்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் போட்டோகொப்பியை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். அவர் கேட்டது அந்த வரியைப் பற்றி மட்டும்தான். தன் மனிதர் விவசாயி என்று, எந்தப் பக்கமும் இல்லாத ஒருவர் கையொப்பம் வைத்து எழுதிய ஒரு தாள் வேண்டும்.

"அந்த மனிசன் கோழி அறுக்கிற இடத்திலயும் நிக்க மாட்டார் பிள்ள" என்று என்னிடம் சொன்னார். "அவரைப் போய் ஆயுதம் தூக்கினவர் எண்டு எழுதி வச்சிருக்கிறாங்க. நான் கண்ணை மூட முன்ன அது மாறோணும்."

அந்தச் சாவைக் கண்ணால் கண்டதாகச் சொல்லும் ஒரே சாட்சி ஒரு முஸ்லிம் விவசாயி. செத்தவரின் வயலுக்குப் பக்கத்து வயல்காரர். நற்பிட்டிமுனைப் பக்கம் இருப்பவர். கோப்பில் அவருடைய பெயரை வாசித்ததும் நான் தலையில் கை வைத்தேன். அவர் என் உம்மாவின் தங்கையைக் கட்டியவர். என் சாச்சா.

கோப்போடு வந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: சம்பந்தப்பட்டவர்களில் உங்களுக்கு உறவினர் எவரும் உண்டா? பதில் எழுத ஒரு சின்னக் கோடுதான் போட்டிருந்தார்கள். அந்தப் படிவத்தைத் தயாரித்தவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். இங்கே ஒருவரைச் சுட்டிக்காட்டி இவர் உறவில்லை என்று நிரூபிப்பதற்குத்தான் தனித் தாள் வேண்டும். நான் உறவை எழுதிக் கொடுத்தேன். முடிவு இப்படி வந்தது: சாச்சா வீட்டில் என் குழுவில் இருந்த கணித ஆசிரியர் சேர் மட்டும் கேள்வி கேட்பார், நான் எழுதுவேன், வாய் திறக்கக்கூடாது. இதைக் கேட்டு என் வீட்டில் எல்லோரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு விதி, போகும் வீட்டில் எதையும் வாங்கக்கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முதல் நாளே அது முறிந்தது. சாச்சி தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்தார். சேர் பணிவாக, "வேணாம், எங்களுக்கு ஒரு விதி இருக்கு" என்றார். சாச்சி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னகா புள்ள, நாங்க என்ன உனக்கு நஞ்சா தாறம்?"

எனக்கு வாய் திறக்கவும் அனுமதி இல்லை. சாச்சி குசினிக்குள் போனார், பாத்திரங்கள் பேசின. சாச்சாவும் வாயை மூடிக்கொண்டார். மனைவி முகம் சுழித்த வீட்டில் எந்த மனிதன் சாட்சி சொல்வான்? பத்து நிமிடம் மூன்று பேரும் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் சேர் கணக்கில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வீட்டில் என்ன சாப்பிடுகிறோமோ, அதற்குச் சமமாக மற்ற வீட்டிலும் சாப்பிடுவது. தாளின் அடியில் எழுதிவைப்பது. சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட வேறு எந்தத் தாளிலாவது "தேத்தண்ணி இரண்டு, தொதல் நாலு துண்டு, இரு தரப்பிலும்" என்று இருக்கிறதா தெரியாது. எங்களுடையதில் இருக்கிறது. சேருக்குச் சீனி வருத்தம். நடுநிலைக்காக அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாச்சா கதை சொல்வதில் கெட்டிக்காரர். இந்தக் கதையை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். தேத்தண்ணிக் கடையில் ஒரு மாதிரி, கலியாண வீட்டில் இன்னொரு மாதிரி. நான் கண்ணீர் சேர்க்கும் வித்தையை யாரிடம் பிடித்தேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

"நான் வயல் வாடிக் குடிசையில நிக்கிறன் சேர். அவரு வயலுக்குள்ள போறாரு. வெயிலெண்டா அப்பிடி வெயில். நிழல் காலுக்குக் கீழதான் கிடக்கி. படார் எண்டு ஒரு சத்தம். அப்பிடியே சாஞ்சாரு. இந்தக் கண்ணாலதான் கண்ட."

கேட்டவர்கள் வழக்கமாக அழும் இடம் அது, சேர் அழவில்லை. "வாடியிலயிருந்து எத்தின யார் தூரம் இருக்கும்?" என்று கேட்டார்.

"யாரா? சேர், மனிசன் சாகிறார், நான் யார் அளக்கிறதா?"

"அவர் எந்தப் பக்கம் பாத்து நிண்டவர்?"

சாச்சா என்னைப் பார்த்தார். இந்த ஆளை எங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தாய் என்று கண்ணால் கேட்டார். எனக்கும் சேர்மேல் கோபம்தான். இவ்வளவு அழகாக ஓடுகிற கதையில் இடையிடையே இப்படிக் கல்லைப் போட்டால் மனிதர் எப்படிச் சொல்வார்? ஆனாலும் ஒரு விஷயம் என் காதில் தட்டியது. என் சாச்சா எதற்கும் "வல்லாஹி" என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்கிறவர். அறுக்குளா மீன் விலை சொல்லும்போதும் வல்லாஹி, மழை பெய்தது என்றாலும் வல்லாஹி. இந்தக் கதையில் மட்டும் ஓரிடத்திலும் அந்தச் சொல் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், சின்ன வயதில் கேட்டபோதும் வந்ததில்லை. திரும்பி வரும் வழியில், ஸ்கூட்டரில் பின்னால் இருந்த சேரிடம் சொன்னேன்.

"அது கண்டதுமில்ல, கேட்டதுமில்ல, தங்கச்சி. மூண்டாவது பக்கத்தில எழுதுங்க" என்றார். எழுதினேன்.

கணக்குச் சமன் ஆக வேண்டும் என்பதால் அடுத்ததாகக் காரைதீவு அக்கா வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணியும் நாலு துண்டு இனிப்பும்தான் பாக்கி. ஆனால் அவர் மத்தியானச் சோற்றோடு காத்திருந்தார். சேர் பெருமூச்சு விட்டார், சாச்சி வீட்டில் ஒரு சோறு கடன் விழுந்துவிட்டதே என்று. இலையில் சோறும் பருப்பும் பூசணிக்காயும் வைத்தபடி அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மீன் கறி வச்சிருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும் பிள்ள. என்ன செய்ய, இண்டைக்கு வெள்ளி. மரக்கறிதான்."

"இதுவே போதும் அக்கா" என்றேன்.

"அண்டைக்கும் வெள்ளிதான். இதே மாதிரிப் பூசணிக்காய்தான் வச்சநான். மருந்தடிக்கப் போனா, பத்துப் பதினொரு மணிக்குள்ள முடிச்சிட்டு வீட்ட வந்துதான் சாப்பிடுவார். அண்டைக்கு வரயில்ல. ஏன் பிந்துறார் எண்டு, பக்கத்து வீட்டு அண்ணர்ட்ட சோத்தைக் கட்டிக் குடுத்து விட்டநான். சோறு அப்பிடியே திரும்பி வந்தது." அக்கா அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் பிந்தினவர் எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அண்ணரும் இப்ப இல்ல."

சேர் இடது கையால் குறிப்புப் புத்தகத்தை இழுத்து எழுதினார்: பிந்தியதன் காரணம், தெரியாது. எழுதிவிட்டு நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். இரண்டு பேரும் சோற்றில் கை வைத்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிழல் காலுக்குக் கீழே கிடந்த நேரம். வெள்ளிக்கிழமை.

வெளியூர் ஆட்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் ஆண் ஒருவரை வயலில் தேடினால் கிடைக்க மாட்டார். பதினொரு மணிக்கே குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, பள்ளிவாசலில் இருப்பார். அந்த நேரத்தில் வட்டையில் நிற்பது சைவ ஆட்கள்தான். பக்கத்து வயல் முஸ்லிமின் தண்ணீரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கோயில் திருவிழா நாட்களில் எங்கள் ஆட்கள் அவர்களுடைய தண்ணீரைப் பார்ப்பார்கள். யாரும் எழுதிவைக்காத ஒழுங்கு அது. சண்டை நடந்த நாட்களிலும் சில வரம்புகளில் அது முறியாமல் இருந்தது.

சேர் ஸ்கூட்டரில் ஏறும்போது, செத்த திகதியை விரலில் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "வெள்ளிதான்" என்றார். "இதை நான் முதல் நாளே பாத்திருக்கோணும். என்ட பிழை."

அடுத்த நாள் கடையில் இருந்தபோது எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். வெள்ளி என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் போதும். சாச்சாவின் கதை நன்றாகத்தான் இருக்கிறது, அக்காவுக்கு அவருடைய தாள் கிடைக்கும், சாச்சாவின் மரியாதையும் போகாது. நான் ஆட்டுக்குச் செய்யாததையா அக்காவுக்குச் செய்யப்போகிறேன்? கணினியைத் திறந்து "கண்ணால் கண்டேன்" என்று தட்டச்சும் செய்தேன். பிறகு அந்தத் தாளை ஒரு கெட்டிக்காரச் சட்டத்தரணி கையில் எடுப்பதை நினைத்தேன். அவன் முதலில் கேட்பதே, அன்று என்ன கிழமை என்பதாகத்தான் இருக்கும். அதோடு அக்கா சொன்ன உண்மையையும் சேர்த்துக் குப்பையில் போடுவான். போட்டோகொப்பி உறையோடு சேலைக்குள் திரும்பிப் போகும். எனக்குப் பயம் வந்தது. எழுதியதை அழித்துவிட்டுச் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

சாச்சா வீட்டில் நாங்கள் முதலில் சோற்றுக் கடனைத் தீர்த்தோம். அதன் பிறகு சேர் தொண்டையைச் செருமினார். செருமிக்கொண்டே இருந்தார். எத்தனையோ பிள்ளைகளைப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்காக நடுங்க வைத்த மனிதருக்கு, தன்னைவிட மூத்த ஒருவரைப் பார்த்து நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. விதியை உடைத்தேன்.

"சாச்சா, அண்டைக்கு ஜும்ஆ எங்க தொழுத?"

குசினிக்குள் சத்தம் நின்றது. சாச்சா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கட பள்ளியிலதான்" என்றார் கடைசியில். "குத்பாப் பிரசங்கம் முடியக்கதான் சேதி வந்த. ஓடிப் போன. போகக்க எல்லாம் முடிஞ்சி."

"அப்ப ஏன் கண்ட எண்டு சென்ன?"

"மறுகா விசாரிக்க வந்தவங்க, ஆரு கண்ட, ஆரு கண்ட எண்டு கேட்டாங்க புள்ள. ஒருத்தரும் வாய் திறக்கல்ல. அந்தப் பொம்புள ஒவ்வொருத்தர்ர முகமாப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் கண்ட எண்டு சென்ன. சென்ன பொறகு எப்பிடித் திருப்பி எடுக்கிற? ஒரு தரம் சென்னா, அடுத்த தரமும் அதையேதானே செல்லோணும்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. எழுதும் ஆள் அழக்கூடாது என்று விதியில் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

சேர் அழவில்லை. அவருக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, காக்கா என்று தொடங்கினார். "காக்கா, சுட்டதை நீங்க காணயில்ல. சரி. அவர்ர முதுகில என்ன இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? என்ட மருந்தடிக்கிற மெசின்."

"அது எப்பிடித் தெரியும்?"

"நாந்தானே சேர் மருந்தைக் கலந்து, மெசினைத் தூக்கி அவர்ர முதுகில வெச்ச. வார் ஒண்டு இளகிக் கிடந்த, அதையும் இறுக்கி விட்ட. வெச்சிட்டுத்தான் குளிக்க வந்த. வல்லாஹி."

நான் எழுதுவதை நிறுத்தினேன். சேரும் அந்தச் சொல்லைக் கேட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"மெசின் இப்ப எங்க?"

சாச்சா எழும்பிப் போய், நெல் மூட்டை வைக்கும் அறையின் பரணிலிருந்து ஒரு உர உறையை இறக்கினார். சோறு கொண்டுபோன அந்த அண்ணர், மெசின் யாருடையது என்று தெரிந்து அப்போதே கொண்டுவந்து கொடுத்தாராம். அதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. உறைக்குள் பழைய மருந்தடிக்கும் மெசின், முதுகில் மாட்டும் வார்கள், நீளமான குழாய். பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ரால் சாச்சாவின் பெயரின் முதல் எழுத்து. வெளிப்புறத்தில், என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஒரு ஓட்டை. பயிரைப் பார்த்து நின்றவருக்குப் பின்னாலிருந்து குண்டு வந்திருக்கிறது.

சேர் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். படம் எடுத்தார். பிறகு எனக்கு விளக்கினார், வகுப்பில் விளக்குகிற மாதிரி. அந்தப் பழைய அறிக்கையே முதுகில் ஒரு பொதி, கையில் நீளமாக ஒன்று என்று சொல்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி அந்தப் பொதி என்ன என்பது மட்டும்தான். சுட்டதைக் கண்ட சாட்சி அதற்குத் தேவையே இல்லை, பொதியைத் தூக்கி வைத்த கை இருந்தால் போதும். சாச்சா இத்தனை வருஷமாக, தேவையில்லாத பொய்யை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, தேவையான உண்மையைப் பரணில் வைத்திருந்திருக்கிறார்.

"இதை ஆரும் கேக்கல்லயே சேர்" என்றார் சாச்சா. "ஆரு கண்ட எண்டுதானே எல்லாரும் கேட்ட."

நான் தாளைத் தட்டச்சுச் செய்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் மிகவும் வறண்ட தாள் அதுதான். அதில் 'நிர்மூலம்' இல்லை, 'ஏக வாழ்வாதாரம்' இல்லை. சேர் பக்கத்தில் இருந்து, நான் ஆசையோடு சேர்த்த ஒன்றிரண்டு பெயரடைகளையும் பேனையால் வெட்டினார். 'அப்பாவி விவசாயி' என்பதில் அப்பாவியை வெட்டியபோது சண்டை பிடித்தேன். "அப்பாவி எண்டது நாங்க நினைக்கிறது. விவசாயி எண்டது நிரூபிச்சது. ரெண்டாவது போதும்" என்றார்.

கையொப்பத்துக்கு முன் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஒரு புதன்கிழமை அக்கா வீட்டு முற்றத்தில் கூடினோம். சாச்சா முச்சக்கர வண்டியில் வந்தார். மெசினை உர உறையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா அதைப் பார்த்தார். மீன் கறி கொதிக்கும் மணம் வந்தது. இன்றைக்கும் சாப்பாடு உண்டு என்று விளங்கிச் சேர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

சேர் வாசித்தார். சாட்சி அந்த நேரத்தில் வயலில் இருக்கவில்லை, பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தார் என்ற வரி வந்ததும் சாச்சா தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் காக்கா" என்றார் அக்கா.

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கிழமை பன்ரெண்டு மணிக்கு உங்கட ஆக்கள் வயலில நிப்பாங்களா? என்ட மனிசன்தானே ரெண்டு பேர்ர தண்ணியையும் பாக்கிறவர். நீங்க கண்டநான் எண்டு சொன்ன அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் செல்லல்ல?"

"எனக்காகக் கதைச்ச ஒரே ஆள் நீங்கதான். அதையும் பொய்யெண்டு சொல்லிப்போட்டு நான் ஆரிட்டப் போக?"

சாச்சாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. சேர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நேரே கடைசி வரிக்குப் போனார். "சுடப்பட்ட நேரத்தில் அவர் தன் வயலில் நெற்பயிருக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தார்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்கா வாசிங்க" என்றார். சேர் இன்னொரு தரம் வாசித்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது, இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக நான் முதன்முதலாகச் சந்தோஷப்பட்டேன். பேனையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"பொறு புள்ள" என்றார் சாச்சா. "அது பிழை."

சேர் தாளைப் பார்த்தார். "எது பிழை?"

"அவர்ர வயல் இல்ல, சேர். என்ட வயல்." சாச்சா அக்காவைப் பார்க்காமல், உர உறையைப் பார்த்துச் சொன்னார். "அவர்ர வயலுக்குப் பத்து மணிக்கே அடிச்சி முடிச்சிட்டார். வீட்ட போக வெளிக்கிட்டார். என்ட வயலுக்கு நான் பின்னேரம் அடிக்க இருந்த. 'ஜும்ஆவுக்கு நேரமாகுது, நீங்க போங்க காக்கா, இதையும் நான் அடிச்சி விர்ரன்' எண்டார். நான் ஓம் எண்டு செல்லி, மெசினைத் தூக்கி வெச்சிட்டு வந்த."

நானும் சேரும் சுயாதீனமாக, நடுநிலையாக, இரண்டு வீட்டிலும் சமமாகச் சாப்பிட்டு உண்மை கண்டுபிடித்தவர்கள். யாருடைய வயல் என்று ஒரு தரமும் கேட்கவில்லை. மருந்தடித்தவருடைய வயல்தான் என்று நினைத்துவிட்டோம்.

குசினியில் கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது, யாரும் எழும்பவில்லை. பிறகு அக்கா மெதுவாக, யாரையும் பார்க்காமல், "அதுக்குத்தான் பிந்தினவரா" என்றார்.

சாச்சா தலையை ஆட்டினார்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அதையும் எழுதுங்க பிள்ள" என்றார்.

நான் 'தன்' என்ற சொல்லை வெட்டினேன். பக்கத்து வயல்காரர் தொழுகைக்குப் போயிருந்ததால் அவருடைய வயலுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தார் என்று மேலே எழுதினேன். பிந்தியதன் காரணம் என்ற இடத்தையும் நிரப்பினேன். கண்ணீர் எதுவும் சேர்க்கவில்லை.